வட்டிலப்பம் எண்ட பெயர் எங்க இருந்து வந்தது? மலாய்ச் சொல்லா, சிங்களமா, தமிழா?

நீங்க கேட்டது இதுதான்: வெளிநாட்டில சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போறீங்க, மெனுவில வட்டிலப்பம் எண்டு எழுதுறதா, வட்டலப்பம் எண்டு எழுதுறதா, வட்லாப்பம் எண்டு எழுதுறதா தெரியல்ல, கூட்டாளி ஒருத்தர் இது மலாய்ச் சொல் எண்டாராம், இன்னொருத்தர் இல்ல சிங்களம் எண்டாராம். எனக்கு ஊர் கிண்ணியா, இப்ப இருக்கிறது திருகோணமலை டவுன்ல. தேங்காப்பால், முட்டை, கருப்பட்டி சேத்து ஆவியில அவிக்கிற இனிப்புத்தான் வட்டிலப்பம். நோன்புப் பெருநாளைக்கு அது அவியாத வீடு எங்கட பக்கம் தேடித்தான் பாக்கணும், அதால இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா தாண்டிப் போக மனசு வரல்ல. கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்க.

நேரா சொல்றதெண்டா பெயர் தமிழ். வட்டில் எண்டா சாப்பாடு போடுற ஏனம், கிண்ணம் மாதிரியும் இருக்கலாம், விளிம்பு உசந்த தட்டு மாதிரியும் இருக்கலாம். வட்டில்ல ஊத்தி அவிக்கிற அப்பம், அதான் வட்டிலப்பம். இந்தச் சொல் இப்ப எங்கட வாயில கொறஞ்சிட்டு, எல்லாரும் கோப்பை, பீங்கான், பிளேட் எண்டு போயிட்டாங்க. ஆனா திருநெல்வேலி மதுரைப் பக்கத்து வயசான ஆக்களிட்ட கேட்டுப் பாருங்க, சோறு திங்கிற தட்டை வட்டில் எண்டு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. பெருமாள் கோயில்கள்ல பூசைக்கு தீர்த்தம் வைக்கிற கிண்ணத்துக்கும் வட்டில் எண்டுதான் பேர். எங்கட வீடுகள்ல வெத்திலை வைக்கிற தட்டை வட்டா எண்டு சொல்றமே, அதுவும் இதே வட்டம் எண்ட வேர்லயிருந்து வந்த சொல்தான்.

இப்ப சிங்களம் எண்டு சொல்ற கூட்டாளிட கதைக்கு வருவம். சிங்களத்திலயும் 'வட' எண்டா வட்டம் எண்ட கருத்து இருக்கு, அதால வட்டமான அப்பம் எண்டு அவர் நினைச்சிருப்பார். எங்கட ஆக்கள்லயே கனபேர் வட்டமா இருக்கிறதால வட்டலப்பம் எண்டுதான் சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்படியெண்டா நடுவில அந்த 'ல' என்னத்துக்கு வந்தது? வட்டமும் அப்பமும் சேந்தா வட்டப்பம் எண்டுதான் வரும். கேரளாவில உண்மையிலயே வட்டயப்பம் எண்டு ஒரு சாமான் இருக்கு, அரிசிமாவும் தேங்காயும் சீனியும் போட்டு புளிக்க வச்சு ஆவியில அவிக்கிறது, அதில 'ல' இல்ல, பாத்தீங்களா. வட்டில் எண்டு எடுத்தா மட்டும்தான் அந்த 'ல' தன்ட இடத்தில ஒழுங்கா இருக்கும். சிங்களத்தில சொல் கடைசில வாற 'ம்' அப்படியே நிக்காது, 'ன்' மாதிரி மாறிடும், அதான் அவங்கட வாயில வட்டலப்பன் எண்டு வருது, இங்கிலீஷ் போர்டுகள்லயும் அதையே பாத்து எழுதிட்டாங்க. அவங்க எங்கட சொல்ல எடுத்து அவங்கட நாக்குக்கு ஏத்த மாதிரி சொல்றாங்க, அதில ஒரு குறையும் இல்ல, இங்கிலீஷ்காரன் அப்பத்த ஹொப்பர் ஆக்கின மாதிரித்தான்.

சரி, வட்டில் விளங்கிட்டு, அப்பம் எண்டு ஏன் வந்தது? இதில மாவே இல்லையே எண்டு நிறையப் பேர் கேக்கிறாங்க. நியாயமான கேள்விதான். இலங்கையில நாங்க அப்பம் எண்டா தாச்சியில மாவ ஊத்தி சுத்தி எடுக்கிற, விளிம்பு மொறுமொறுண்டு இருக்கிற அந்த அப்பத்தத்தான் நினைப்பம், பாலப்பம், முட்டையப்பம் எண்டு. ஆனா தமிழ்ல அப்பம் எண்டது அந்த ஒரு சாமானுக்கு மட்டும் உரிய பேர் இல்ல. டவுன்ல கோயில் ஸ்பீக்கர்ல விடியக்காலம் 'கைத்தல நிறைகனி அப்பமொ டவல்பொரி' எண்டு போகும், கேட்டுக் கேட்டே எனக்கெல்லாம் பாடமாகிட்டு. அது அருணகிரிநாதர் பாடினது, 15ம் நூற்றாண்டு, எங்கட திருக்கோணமலைக்கும் அவர் திருப்புகழ் பாடியிருக்கார். அதில பிள்ளையாருக்குப் படைக்கிற அப்பம் தாச்சி அப்பம் இல்ல, இனிப்புப் பண்டம். வேதக்கார ஆக்கள்ட பைபிள்ல ஐஞ்சு அப்பமும் ரெண்டு மீனும் எண்டு வருது, அங்க அப்பம் எண்டா ரொட்டி. ஆகவே மாவோ, பாகோ, முட்டையோ, சூட்டில வச்சு கட்டியாக்கி துண்டு போட்டுத் திங்கிற ஒரு பண்டத்த அப்பம் எண்டு சொல்றது தமிழுக்குப் புதுசில்ல.

எனக்கு இதில எல்லாத்தவிடயும் பெரிய சாட்சி எண்டா மலபார்ப் பக்கம்தான். கண்ணூர், காசர்கோடு, தலச்சேரி அந்தக் கடற்கரை முஸ்லிம் ஆக்கள்ட பலகாரங்கள்ட பெயர்களப் பாருங்க. கிண்ணத்தப்பம் எண்டு ஒண்டு, அரிசிமா, தேங்காப்பால், சர்க்கரை சேத்து கிண்ணத்தில ஊத்தி ஆவியில அவிக்கிறது. கலத்தப்பம் எண்டு ஒண்டு, கலம் எண்டா பாத்திரம், அதுக்குள்ள ஊத்தி சுடுறது. சட்டிப்பத்திரி எண்டு ஒண்டு, சட்டிக்குள்ள பத்திரி எண்ட மெல்லிசு ரொட்டிய அடுக்கடுக்கா வச்சு முட்டை ஊத்தி எடுக்கிறது. எல்லாத்திலயும் முதல்ல பாத்திரத்தின்ட பேர், மறுகா பண்டத்தின்ட பேர். கிண்ணத்தப்பம், கலத்தப்பம், வட்டிலப்பம் மூண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி வச்சுப் பாத்தா ஒரே குடும்பம் எண்டு யாரும் விளக்கத் தேவையில்ல. தமிழ்நாட்டிலயும் குழிப்பணியாரம் இருக்கு, குழாய்ப்புட்டு இருக்கு, எதில வச்சு செய்றமோ அதின்ட பேர வைக்கிற பழக்கம் எங்கட ஆக்கள்ட பழைய பழக்கம்.

அங்கால காயல்பட்டினம், கீழக்கரை ஆக்கள்ட்டயும் வட்டலப்பம் இருக்கு, கலியாண வீடுகள்ல இடியப்பத்தோட வைப்பாங்க. மலபார், காயல்பட்டினம், கீழக்கரை, கிழக்கிலங்கை எண்டு இந்தக் கடலோரம் பூராவும் எங்கட ஆக்கள் கப்பலும் தோணியுமா போய்வந்து யாவாரம் செஞ்சவங்க, பெண் எடுத்துக் குடுத்தவங்க. சமையல் மட்டும் கரையில நிண்டுருமா?

ஆனா இங்க ஒரு விசயம் கவனமா சொல்லணும். பெயர் தமிழ் எண்டதால சாமானும் தமிழ் ஆக்கள்தான் முதல்ல செஞ்சாங்க எண்டு ஆகாது. இந்த ரெண்டையும் குழப்பிறதாலதான் இவ்வளவு சண்டையும் வருது. தேங்காப்பால், முட்டை, கருப்பட்டி மூண்டையும் அடிச்சு ஆவியில அவிக்கிற முறை தென்கிழக்காசியா முழுக்க இருக்கு. மலாய் ஆக்கள் அத செரிகாயா எண்டு சொல்லுவாங்க. சிங்கப்பூர்ல ரொட்டில பூசித் திங்கிற காயா இருக்கே, அது அந்தப் பெயர்ட வால்தான், முட்டையும் தேங்காப்பாலும் சீனியும் கிண்டி எடுத்தது. தாய்லாந்தில அதயே பூசணிக்காய்க்குள்ள ஊத்தி முழுசா அவிச்சு வெட்டித் தருவாங்க, அங்க அதுக்கு சங்கயா எண்டு பேர். இலங்கைக்கு இது மலாய் ஆக்களோட வந்தது எண்டுதான் பொதுவா சொல்லுவாங்க, எனக்கும் அதுதான் சரி எண்டு படுது. ஏனெண்டா எங்கட தமிழ்ச் சமையல்ல இனிப்புக்கு முட்டை சேக்கிற வழக்கம் பழசில இல்ல. பொங்கல், பாயாசம், மோதகம், கொழுக்கட்டை, எதிலயாச்சும் முட்டை இருக்கா?

மலாய் ஆக்கள், எங்கட பக்கத்தில ஜாவா ஆக்கள் எண்டு சொல்றவங்க, டச்சுக்காரன்ட காலத்தில வந்தவங்க. டச்சுக்காரன் இலங்கைக் கரையோரத்த 1658 தொடக்கம் 1796 மட்டும் ஆண்டான், அந்தக் காலத்தில பத்தாவியா (இப்பத்த ஜகார்த்தா), ஜாவா, அதச் சுத்தின தீவுகள்லயிருந்து சிப்பாய்களாவும் கைதிகளாவும் நாடுகடத்தின அரச குடும்பத்தாராவும் கொண்டு வந்தான். 1708ல ஜாவாவில மத்தாரம் ராஜாவா இருந்த மூண்டாம் அமங்குராட்டையே பிடிச்சு இங்க அனுப்பினாங்க. மறுகா வெள்ளைக்காரன்ட காலத்தில சிலோன் ரைபிள்ஸ் எண்ட படையில மலாய் ஆக்கள் நிறையப் பேர் இருந்தாங்க, 1873ல அந்தப் படைய கலைச்சதோட பொலிஸ், தோட்டம் எண்டு நாடு முழுக்கப் பரவிட்டாங்க. கொழும்பில கொம்பனித்தெரு, தெற்கில ஹம்பாந்தோட்டை, கிரிந்தை, இதெல்லாம் அவங்கட பழைய இடங்கள்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடத்துக்கு வந்திருக்கன். மலாய் ஆக்கள் கொண்டு வந்த சாமானுக்கு ஏன் தமிழ்ப் பெயர்? தொதல் எண்ட இனிப்ப பாருங்க. அதுவும் அவங்க பக்கத்தால வந்ததுதான், அங்க தொதோல் எண்டு சொல்றாங்க, இங்க தொதல் எண்டே நிண்டுட்டு, பெயரும் சாமானும் ஒண்டா கப்பல் ஏறி வந்திருக்கு. மஸ்கட் எண்ட இனிப்பு ஓமான்ல உள்ள பட்டணத்துப் பெயரோடயே இருக்கு. கொக்கிஸ் எண்ட பலகாரத்தின்ட பெயர் டச்சுச் சொல். அப்ப செரிகாயா மட்டும் ஏன் தன்ட பெயர விட்டுட்டு வட்டிலப்பம் ஆனது?

என்ட எண்ணம் என்னண்டா, இது சந்தைக்குள்ளால பரவின சாமான் இல்ல, அடுப்படிக்குள்ளால பரவினது. தொதல், மஸ்கட் எல்லாம் கிண்டி எடுக்கவே பெரிய தாச்சி, ரெண்டு மூண்டு ஆம்பிளையள்ட கைப்பலம் வேணும், கடையில வித்த சாமான், விக்கிறவன் சொன்ன பெயரத்தான் வாங்கிறவனும் சொல்லுவான். வட்டிலப்பம் அப்படியில்ல, வீட்டில பொம்பிளையள் கொஞ்சமா செய்றது. மலாய் ஆக்களும் எங்கட சோனக ஆக்களும் (தமிழ் கதைக்கிற இலங்கை முஸ்லிம்கள்) ஒரே பள்ளியில தொழுதவங்க, பள்ளியில பயான் எண்ட மார்க்கப் பேச்சு தமிழ்ல, ஓதிக் குடுக்கிற லெப்பை தமிழ் கதைக்கிறவர், ரெண்டு பக்கமும் கலியாணம் கட்டியிருக்காங்க. இலங்கை மலாய்ப் பாஷைய படிச்ச மொழி ஆராய்ச்சிக்காரர் சொல்றது என்னண்டா, அதின்ட இலக்கணமே இங்க வந்து மாறிட்டு, வினைச்சொல் வசனத்தின்ட கடைசில வருது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால ஒட்டுது, இந்தோனேசியாவில மலேசியாவில கதைக்கிற மலாய்ல அப்படி இல்ல. தமிழோடயும் சிங்களத்தோடயும் பழகிப் பழகி வந்த மாற்றம் அது. இலக்கணமே மாறுற அளவுக்கு கதைச்சுப் பழகின வீடுகள்ல ஒரு இனிப்புட பெயர் மாறுறது பெரிய விசயமா? பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் செய்றத பாத்து எங்கட உம்மாமார் செஞ்சிருப்பாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச கிண்ணத்தப்பம் மாதிரியே இருக்கு, வட்டில்ல ஊத்தியிருக்கு, வட்டிலப்பம் எண்டு வாயில வந்திருக்கும்.

கருப்பட்டி விசயம் இதில தனிக் கதை. நல்ல வட்டிலப்பத்துக்கு கித்துள் கருப்பட்டிதான் வேணும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. கித்துள் மரம் எங்கட திருகோணமலை காய்ஞ்ச நிலத்தில வளராது, அது கேகாலை, இரத்தினபுரி, கண்டிப் பக்கத்து மழைக்காட்டு மரம். எங்களுக்கு இருக்கிறது பனை. அதால பழைய காலத்தில பனங்கட்டி போட்டும் செஞ்சிருக்காங்க, அதில கொஞ்சம் உப்புக்கரிப்பு மாதிரி ஒரு ருசி பின்னால நிக்கும், எனக்கு அதுவும் விருப்பம்தான். கித்துள்ல செஞ்சா நிறம் கறுத்து, வாசம் கூடி வரும். வெள்ளைச் சீனியில செய்றத மட்டும் தயவுசெய்து கடையில வைக்காதீங்க, அது வேற சாமான்.

எங்கட உம்மம்மாட வட்டில் பித்தளை, உள்பக்கம் ஈயம் பூசினது, ஒரு சாண் அகலம், நாலு விரல் உசரம் இருக்கும். ஈயம் தேஞ்சா அதில தேங்காப்பால் ஊத்த விடமாட்டா, ஈயம் பூசுற ஆள் தெருவால வாற மட்டும் வட்டில் கவுத்தபடியே கிடக்கும். பத்து முட்டைக்கு அரைக்கிலோ கருப்பட்டி, ரெண்டு தேங்காய்ட தலைப்பால், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். முட்டைய நுரை பொங்க அடிக்க விடமாட்டா, மஞ்சளும் வெள்ளையும் கலந்தா போதும் எண்டுவா. கருப்பட்டிய சீவி பால்ல கரைச்சு துணியில வடிச்சு, முட்டையோட சேத்து திரும்பவும் வடிச்சு வட்டில்ல ஊத்தி, மேல கஜு (முந்திரிப்பருப்பு) தூவி, தண்ணி கொதிக்கிற பெரிய சட்டிக்குள்ள இறக்கி வைப்பா. மூடிய துணியால சுத்தித்தான் மூடணும், இல்லாட்டி ஆவித்தண்ணி சொட்டி மேல்பக்கம் குழி விழும். வெந்திட்டா எண்டு பாக்க ஈர்க்கால ஒரு குத்து, ஒட்டாம வந்தா சரி. தீ கூடினா உள்ளுக்கு ஓட்டை ஓட்டையா வரும், சில ஆக்கள் அது பிழை எண்டு சொல்லுவாங்க, எங்கட வீட்டில அந்த ஓட்டைக்குள்ள பாகு தங்கி நிக்கிற துண்டுக்குத்தான் புள்ளைகள் சண்டை பிடிக்கும்.

இத தட்டில கவுத்து எடுத்துக் கொண்டு போறதில்ல, அவிச்ச வட்டிலோடயே தான் போகும். கிண்ணியாப் பாலம் 2009லதான் திறந்தாங்க, அதுக்கு முந்தி டவுனுக்கு வாறதெண்டா பாதையில ஏறணும், பாதை எண்டா வாகனமும் ஆக்களும் ஏறி ஆத்தக் கடக்கிற மிதவை. பெருநாளண்டு வட்டில துணியில கட்டி மடியில வச்சுக்கொண்டு உம்மா பாதையில வருவா, டவுன்ல வாப்பாவோட வேலை செஞ்ச தமிழ் ஆக்கள்ட வீடுகளுக்கு. ஒருமுறை பெருநாள் வெள்ளிக்கிழமை வந்திட்டு, அந்த வீட்டு அம்மா வெள்ளியில மீன், இறைச்சி, முட்டை தொடமாட்டா. "நீங்க வச்சிட்டுப் போங்கோ மகள், நாளைக்கு முதல் வேலை இதுதான்" எண்டு சொல்லி பிரிட்ஜ்ல வச்சா. வட்டில் மறுகிழமைதான் திரும்பி வந்தது, வெறுசா வரல்ல, உள்ளுக்கு வாழைப்பழமும் கற்கண்டும் இருந்தது. வந்த ஏனத்த வெறுமையா அனுப்பக் கூடாது எண்டது ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச முறை. தைப்பொங்கலுக்கு அவங்கட பொங்கல் எங்கட வீட்டுக்கு வரும், அந்தச் சட்டியும் அப்படித்தான் திரும்பிப் போகும்.

இதெல்லாம் ஏன் சொல்றன் எண்டா, ஏனத்தின்ட பெயர பண்டத்துக்கு வச்சது எனக்கு அதால சரியாப் படுது. வெட்டி எடுத்து அடுக்கிற தொதலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஊத்தினதும் அவிச்சதும் ஆறினதும் வீடு வீடாப் போனதும் ஒரே வட்டில்.

சரி, உங்கட மெனுவுக்கு வருவம். வட்டிலப்பம் எண்டு எழுதுங்க, அதுதான் முழுப் பெயர். வட்டலப்பம் எண்டு நாங்க கதைக்கிறதும் பிழையில்ல, வேகமா கதைச்சா இகரம் தேஞ்சு அகரம் ஆகும், காயல்பட்டினத்து ஆள் வந்து வட்லாப்பம் இருக்கா எண்டு கேட்டாலும் அதே சாமானத்தான் கேக்கிறார், திருத்தப் போகாதீங்க. சிங்கள ஆக்கள் வருவாங்கண்டா அவங்கட எழுத்தில வட்டலப்பன் எண்டு அவங்க எழுதுற மாதிரியே போடுங்க. ஒரு வரி விளக்கம் போட இடமிருந்தா 'இலங்கை மலாய், முஸ்லிம் வீடுகள்ட பெருநாள் இனிப்பு' எண்டு போடுங்க, மலாய் ஆக்கள்ட பெயர விட்டுடாதீங்க, சமையல் அவங்க குடுத்தது. அலுமினியக் கப்ல தனித்தனியா அவிக்கிறது கடைக்கு சுகம் எண்டு தெரியும், ஆனா ஏலுமெண்டா கிழமைக்கு ஒருநாளாவது பெரிய வட்டில் ஒண்டில அவிச்சு வெட்டிக் குடுத்துப் பாருங்க, நடுத்துண்டுட ருசி கப்ல வராது. முட்டை இருக்கு எண்டத கட்டாயம் கீழ எழுதுங்க, பாத்தா புடிங் மாதிரி இருக்கிறதால சைவ ஆக்கள் தெரியாம எடுத்திருவாங்க, அதுவும் வெள்ளிக்கிழமையில.